விளம்பரம்னு தெரிஞ்சும் பிள்ளைங்க ஏன் அதுல மாட்டுறாங்க?

நீங்க கேட்டிருந்தது இதுதான்: 6 வயசுப் பையன் வீடியோல பாக்குற பொம்மை எல்லாம் வேணும்னு அடம் பிடிக்கிறான், 13 வயசுப் பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு தன் மூஞ்சியைத் தானே திட்டிக்கிறா, இதெல்லாம் நிஜமாவே மீடியாவும் மார்க்கெட்டிங்கும் பண்ற வேலையா இல்ல இந்த வயசுல எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தானா, போனைப் பிடுங்கி வச்சா சரியாகிடுமா. பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட உக்காந்து விளம்பரங்களைப் பிரிச்சுப் பாக்குறதுதான் என் வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்காதீங்க. பையனுக்கு விளம்பரம்னா என்னன்னே இன்னும் சரியா புரியல. பொண்ணுக்கு அது உங்களைவிட நல்லாவே தெரியும். ஆனா ரெண்டு பேரும் மாட்டுறாங்க, ஏன்னா ரெண்டு பேர்கிட்டயும் அது வேற வேற வாசல் வழியா உள்ள போகுது. அதனால "விளம்பரத்தை நம்பாதே"ன்னு சொல்லிக் கொடுத்துட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறது பையனுக்கும் உதவாது, பொண்ணுக்கும் உதவாது.

பையன் கதையை எடுத்துக்குவோம். 4, 5 வயசு வரைக்கும் பல பிள்ளைங்களுக்கு நிகழ்ச்சி எங்க முடியுது விளம்பரம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அதுக்கப்புறம் பிரிச்சுப் பாக்கக் கத்துக்கிறாங்க, ஆனா "இது சின்னதா இருக்கும், சிரிப்பா இருக்கும்"ங்கிற அளவுலதான். இதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கார், அவருக்கு என்கிட்ட இருந்து ஒண்ணு வேணும், அதனால நல்லதை மட்டும் காட்டுறார்ங்கிறது 7, 8 வயசு வரைக்கும் பிடிபடாது. அதுக்கு அடுத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு யோசிக்கத் தெரியணும், அந்தத் திறமை மெதுவாத்தான் வளரும். பையன் புத்திசாலியா இல்லையாங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அமெரிக்க உளவியல் சங்கம் அமைச்ச ஒரு குழு 2004ல, 8 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களைக் குறிவச்சு விளம்பரம் பண்றதைக் கட்டுப்படுத்தணும்னு சொன்னதுக்குக் காரணமே இதுதான், தன்கிட்ட விக்க வர்றாங்கன்னே தெரியாத ஆள்கிட்ட விக்கிறது நியாயமில்லைன்னு.

இந்த வயசுல எவ்வளவு ஆழமா போகுதுன்னு காட்ட ரெண்டு பரிசோதனை சொல்றேன். 2007ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் 3லேர்ந்து 5 வயசு வரைக்கும் உள்ள 63 பிள்ளைங்ககிட்ட ஒரே சாப்பாட்டை ரெண்டு பங்கா வச்சாங்க, ஒண்ணு மெக்டொனால்ட்ஸ் லோகோ போட்ட பேப்பர்ல, இன்னொண்ணு வெறும் பேப்பர்ல. ரெண்டும் ஒரே சமையல்தான், மாத்தம் ஒண்ணும் கிடையாது. பிள்ளைங்கள்ல நிறைய பேர் லோகோ போட்டதுதான் ருசின்னு சொன்னாங்க, அதுல கேரட்டும் உண்டு பாலும் உண்டு. வீட்டுல டிவி எண்ணிக்கை கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடிச்சு. நாக்குல படுற ருசியையே ஒரு லோகோ மாத்துதுன்னா அது "வாங்கிக் கொடு"ங்கிறதைத் தாண்டின விஷயம்.

இன்னொண்ணு பழசு, 1978ல கோல்ட்பர்க், கோர்ன்னு ரெண்டு பேர் பண்ணது, ஆனா எனக்கு அதுதான் இன்னும் மனசை உறுத்தும். 4, 5 வயசுப் பிள்ளைங்க ஒரு கூட்டத்துக்கு ஒரு பொம்மை விளம்பரத்தைக் காட்டினாங்க, இன்னொரு கூட்டத்துக்குக் காட்டல. அப்புறம் ரெண்டு பையன்களைக் காட்டி யார் கூட விளையாடுறேன்னு கேட்டாங்க. ஒருத்தன் நல்ல பையன், பொம்மை இல்ல. இன்னொருத்தன் அவ்வளவு நல்லவன் இல்ல, ஆனா அந்தப் பொம்மை அவன்கிட்ட இருக்கு. விளம்பரம் பாத்த பிள்ளைங்க பொம்மை வச்சிருக்கிறவன் பக்கம் அதிகமா சாஞ்சாங்க. அந்த விளம்பரத்துல "கெட்ட பையன்கூட சேரு"ன்னு யாரும் சொல்லல. யாரோட சேரலாம்ங்கிற கணக்குல ஒரு பொருள் நுழைஞ்சிருச்சு, அவ்வளவுதான். பிள்ளைங்க அடம் பிடிக்கிறதைவிட நான் கவலைப்படுறது இதுக்குத்தான்.

இது தானா நடந்தது கிடையாது. பொம்மை விளம்பரம் ரொம்ப காலமா பெத்தவங்களைப் பாத்துத்தான் பேசிச்சு. 1952ல மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட்ங்கிற பொம்மை டிவில வந்தப்ப நேரடியா பிள்ளைங்களைப் பாத்துப் பேச ஆரம்பிச்சாங்க, 1955ல மேட்டல் கம்பெனி மிக்கி மவுஸ் கிளப் நிகழ்ச்சியில வருஷம் முழுக்க விளம்பர இடத்தை வாங்கிச்சு, பண்டிகை சீசன்ல மட்டும் விக்கிற பொம்மை அதுக்கப்புறம் வருஷம் பூரா விக்க ஆரம்பிச்சுது. பெத்தவங்களைத் தாண்டி நேரா பிள்ளைகிட்ட பேசினா மிச்ச வேலையைப் பிள்ளையே பாத்துக்கும்னு புரிஞ்சுபோச்சு. 1978ல அமெரிக்காவோட எஃப்டிசி, அதாவது வர்த்தகத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு, ரொம்ப சின்னப் பிள்ளைங்களுக்கான டிவி விளம்பரத்தையே தடை பண்ணலாம்னு முயற்சி எடுத்துச்சு, கம்பெனிங்க எதிர்த்து நின்னதுல 1980ல அந்த நாட்டு நாடாளுமன்றம் எஃப்டிசியோட அதிகாரத்தையே குறைச்சிடுச்சு. 1984ல விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பும் போச்சு, பொம்மையை விக்கிறதுக்குன்னே கார்ட்டூன் எடுக்கிறது பெரிய தொழிலாச்சு. 1990ல சட்டம் போட்டு மணிக்கு இத்தனை நிமிஷம்தான் விளம்பரம்னு மறுபடி கட்டினாங்க. ஆனா அந்தக் கணக்கெல்லாம் நிகழ்ச்சி வேற விளம்பரம் வேறன்னு இருந்த காலத்துக்குப் போட்டது.

இப்ப உங்க பையன் பாக்குறானே, பொம்மை டப்பா பிரிக்கிற வீடியோ, அதை ஒரு தடவை சவுண்டை நிறுத்திட்டு அவன் பக்கத்துல உக்காந்து பாருங்க. பெரும்பாலும் முகமே வராது, ரெண்டு கை மட்டும்தான், அந்தக் கை பாக்குறவனோட கை மாதிரியே கேமராவுக்கு இந்தப் பக்கத்துல இருந்து நீளும். டப்பாவை உடனே திறக்க மாட்டாங்க, கவரை ஒரு ஓரத்துல கிழிச்சு, நிறுத்தி, திருப்பிக் காட்டி, உள்ள எது இருக்கும்னு கேட்டு இழுப்பாங்க. உள்ள எது இருக்குன்னு முன்கூட்டித் தெரியாத மாதிரிதான் அந்தப் பொம்மையையே தயாரிச்சிருப்பாங்க. திறந்ததும் ஒரு கூச்சல், ரெண்டு செகண்ட் அதைக் காட்டுறது, உடனே அடுத்த டப்பா. கவனிச்சீங்களா, அந்தப் பொம்மையை வச்சு யாருமே விளையாட மாட்டாங்க. காட்டுறது முழுக்க கிடைக்கிற நிமிஷத்தை மட்டும்தான். அதனாலதான் வாங்கிக் கொடுத்த பொம்மை கொஞ்ச நேரத்துல மூலைக்குப் போயிடுது, அவனுக்கு வேண்டியிருந்தது அந்த நிமிஷம், அது முடிஞ்சுபோச்சு. இதுல விளம்பரம் எந்த இடத்துலன்னு கேட்டா மொத்தமும்தான். இப்படிப் பொம்மை வீடியோ போடுற ஒரு 7 வயசுக் குழந்தையோட சேனல்தான் 2018ல யூடியூப்லயே அதிகமா சம்பாதிச்சதுன்னு ஃபோர்ப்ஸ் பத்திரிகை பட்டியல் போட்டுச்சு, ஒரு வருஷத்துல 2.2 கோடி டாலர்.

கேம் பத்தி சுருக்கமா. நிஜப் பணத்தை வைரமாவோ காயினாவோ மாத்திட்டாங்கன்னா எவ்வளவு செலவாச்சுங்கிற உணர்வே போயிடும், பெரியவங்களுக்கே போயிடும். ஃபோர்ட்நைட் கேம் நடத்துற எபிக் கேம்ஸ் 2022ல எஃப்டிசி வழக்குகளை முடிக்க மொத்தம் 52 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு, அதுல 27.5 கோடி பிள்ளைங்களோட தகவலைச் சேகரிச்சதுக்கு, 24.5 கோடி பட்டன்களைக் குழப்பமா வச்சு ஆளுங்களை வேண்டாத பொருளுக்குப் பணம் கட்ட வச்சதுக்கு. 2019ல யூடியூப்பும் பிள்ளைங்க தகவலைப் பெத்தவங்க அனுமதி இல்லாம எடுத்த வழக்குல 17 கோடி டாலர் கட்டிச்சு. பையன் கையில கொடுக்கிற போன்ல கார்டு விவரம் சேமிச்சு வைக்காதீங்க, அது மட்டும் இன்னிக்கே பண்ணிடுங்க.

சரி, பொண்ணு. 13 வயசுல எது பெய்டு புரமோஷன், எது ஃபில்டர், யார் காசு வாங்கிட்டுப் பேசுறாங்க எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ஏன்னா, அந்த வயசுல கேள்வி "இது உண்மையா"ங்கிறது இல்ல, "நான் இவங்கள்ல ஒருத்தியா"ங்கிறதுதான். 2016ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் உள்ளவங்களை மூளை ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு, இன்ஸ்டா மாதிரி ஒரு திரையில போட்டோக்களைக் காட்டினாங்க. லைக் எண்ணிக்கை நிஜமில்ல, ஆராய்ச்சி பண்ணவங்களே போட்டது, ஒரே போட்டோ பாதிப்பேருக்கு நிறைய லைக்கோட தெரிஞ்சுது, பாதிப்பேருக்குக் கம்மியா. போட்டோ அதேதான், ஆனா லைக் நிறைய இருந்தப்ப அவங்களும் லைக் போட்டாங்க, சிகரெட், குடின்னு ஆபத்தான விஷயம் இருந்த போட்டோக்கும் இதேதான். தன்னோட சொந்த போட்டோவுக்கு நிறைய லைக் தெரிஞ்சப்ப மூளையில சந்தோஷம், பரிசு சம்பந்தப்பட்ட பகுதி நல்லா வேலை செஞ்சுது. அது ஒரு பலவீனம் இல்ல, கூட்டத்துல இடம் பிடிக்கக் கத்துக்கிற வயசு அது, அதுக்காகத்தான் மூளை அப்படி இருக்கு. அந்த வயசோட இந்தத் தேவையைத்தான் விளம்பர வியாபாரம் பிடிச்சு வச்சிருக்கு.

உடம்பு, மூஞ்சி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க கவலை அதுலதான் இருக்குன்னு தெரியுது. பசிஃபிக் தீவு நாடான ஃபிஜியில நட்ரோகாங்கிற பகுதிக்கு 1995லதான் டிவி வந்துச்சு. அங்க நல்லா சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு, ஆரோக்கியம்னு காலங்காலமா இருந்த ஊர். ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர்ங்கிற மருத்துவர் டிவி வந்த புதுசுல ஒரு தடவை, 1998ல ஒரு தடவை பள்ளிக்கூடப் பொண்ணுங்ககிட்ட கேள்வி கேட்டார். எடை கூடக்கூடாதுன்னு சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன்னு 1995ல ஒருத்திகூட சொல்லல. 1998ல 11.3 சதவீதம் பேர் சொன்னாங்க. டிவி நடிகைங்க மாதிரி ஆகணும்னு அந்தப் பொண்ணுங்களே வெளிப்படையா பேசினாங்க. ரெண்டு தடவையும் கேட்டது வேற வேற பொண்ணுங்ககிட்ட, ஊர்ல மத்த மாத்தங்களும் நடந்திருக்கும், அதனால எல்லாத்தையும் டிவி தலையில கட்ட முடியாதுதான். ஆனாலும் 3 வருஷத்துல இவ்வளவுங்கிறது சின்ன விஷயமில்ல. அப்புறம் 2021ல வெளிய வந்த ஃபேஸ்புக் கம்பெனியோட உள் ஆவணத்துல, டீன் ஏஜ் பொண்ணுங்கள்ல 3ல ஒருத்திக்கு உடம்பைப் பத்தின வருத்தத்தை இன்ஸ்டாகிராம் அதிகமாக்குதுன்னு அவங்க ஆளுங்களே எழுதி வச்சிருந்தாங்க. கம்பெனி அதை அப்படி எடுத்துக்கக் கூடாதுன்னு மறுத்துச்சு, ஆனா எழுதினது அவங்கதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும், இல்லன்னா நான் உங்களை வெறுமனே பயமுறுத்தின மாதிரி ஆயிடும். 2019ல ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிஷ்பில்ஸ்கின்னு ரெண்டு பேர் லட்சக்கணக்கான டீன் ஏஜ் பிள்ளைங்களோட தகவலை எடுத்து அலசினாங்க, பிள்ளைங்களோட மனநலத்துல இருக்கிற ஏற்ற இறக்கத்துல டிஜிட்டல் பயன்பாட்டோட சம்பந்தப்பட்டது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான்னு வந்துச்சு. அதை வச்சு ஒண்ணுமே இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அது சரியா படல, ஏன்னா சராசரின்னு எடுத்தா நல்லா இருக்கிற பிள்ளையும் நொறுங்கிப்போற பிள்ளையும் ஒரே நம்பருக்குள்ள மறைஞ்சிடுவாங்க. அதே ஆர்பென் குழு 2022ல வயசு வாரியா பிரிச்சுப் பாத்தப்ப, பொண்ணுங்களுக்கு 11லேர்ந்து 13 வரைக்கும், பசங்களுக்கு 14, 15 வயசுல, சோஷியல் மீடியா கூடினா அடுத்த வருஷம் வாழ்க்கை மேல இருக்கிற திருப்தி குறையுறது தெரிஞ்சுது. உங்க பொண்ணு சரியா அந்த வயசுலதான் இருக்கா. எத்தனை மணி நேரம் பாக்குறாங்கிறதைவிட எந்த வயசுல, என்ன பாக்குறா, பாத்து முடிச்சதும் எப்படி இருக்காங்கிறதைத்தான் நான் கேப்பேன்.

டீன் ஏஜ் பிள்ளைங்களை ஏன் இவ்வளவு துரத்துறாங்கன்னு புரிய சிகரெட் கதையைப் பாத்தா போதும். 1984ல ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனியோட உள் அறிக்கை ஒண்ணு, விட்டுட்டுப் போற, செத்துப்போற வாடிக்கையாளருக்குப் பதிலா வர்ற ஆளுங்க இளவயசுக்காரங்க மட்டும்தான்னு பச்சையா சொல்லுது. 1988ல அமெரிக்காவுல ஜோ கேமல்னு ஒரு கார்ட்டூன் ஒட்டகத்தைக் கொண்டு வந்தாங்க. 1991ல வந்த ஒரு ஆய்வுல, 6 வயசுப் பிள்ளைங்கள்ல 91 சதவீதம் பேர் அந்த ஒட்டகத்தைச் சிகரெட்டோட சரியா சேத்தாங்க, மிக்கி மவுஸைத் தெரிஞ்ச அளவுக்கு அதையும் தெரிஞ்சிருந்துச்சு. 1997ல அதை நிறுத்த வேண்டியதாச்சு, 1998ல அமெரிக்க மாநிலங்களும் சிகரெட் கம்பெனிங்களும் போட்ட ஒப்பந்தத்துல சிகரெட் விளம்பரத்துல கார்ட்டூனே கூடாதுன்னு ஆச்சு. சின்ன வயசுல பிடிச்சா ஆயுசுக்கும் வாடிக்கையாளர்ங்கிற கணக்கு மட்டும் எந்த ஒப்பந்தத்தாலயும் போகல. 2022ல மட்டும் அமெரிக்காவுல 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களால பெரிய சோஷியல் மீடியா கம்பெனிங்களுக்கு வந்த விளம்பர வருமானம் கிட்டத்தட்ட 1,100 கோடி டாலர்னு ஹார்வர்ட் ஆய்வு ஒண்ணு கணக்குப் போட்டிருக்கு.

இனி என்ன பண்றதுன்னு. எனக்கு ரொம்ப நம்பிக்கை கொடுத்த ஒரு ஆய்வு இருக்கு, உங்க பொண்ணு வயசுப் பிள்ளைங்களை வச்சே பண்ணது. அமெரிக்காவுல டெக்சாஸ்ல 8ம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட "நொறுக்குத் தீனி உடம்புக்குக் கெடுதல்"னு வழக்கமா சொல்ற பாடத்தை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்தாங்க. இன்னொரு கூட்டத்துக்கு உடம்பைப் பத்திப் பேசவே இல்ல, இந்தக் கம்பெனிங்க உங்களையும் உங்களைவிட சின்னப் பிள்ளைங்களையும் எப்படி ஏமாத்துறாங்கங்கிறதை ஒரு துப்பறியும் செய்தி மாதிரி படிக்கக் கொடுத்தாங்க. அப்புறம் விளம்பரப் படங்களைக் கொடுத்து, மேல கிறுக்கி, எழுதி, உண்மையைச் சொல்ற விளம்பரமா மாத்துங்கன்னாங்க. 2019ல வந்த முடிவுல, குறிப்பா பசங்க 3 மாசம் கழிச்சும் பள்ளிக் கேன்டீன்ல நொறுக்கும் குளிர்பானமும் குறைச்சலா வாங்கினது தெரிஞ்சுது. டீன் ஏஜ்ல "இது உனக்கு நல்லதில்ல"ன்னு சொன்னா காதுல ஏறாது, "உன்னை ஒருத்தன் ஆட்டி வைக்கப் பாக்குறான்"னா சுருக்குன்னு படும். அந்தக் கோபத்தை நம்ம பக்கம் எடுத்துக்கணும். உங்க பொண்ணுகிட்ட அட்வைஸா ஆரம்பிக்காதீங்க, "எனக்குத் தெரியல, உன் ஃபீட்ல எது காசு வாங்கிட்டுப் போட்டது, எது சும்மா போட்டதுன்னு காட்டு"ன்னு கேளுங்க, அவ உங்களுக்கு வாத்தியாரா இருக்கட்டும். ஒரு போட்டோவைப் பாத்து எந்த லைட், எந்த ஆங்கிள், எத்தனை எடுத்து ஒண்ணைப் போட்டிருப்பாங்கன்னு அவளே சொல்லட்டும். மனசை நோக வைக்கிற கணக்குகளை அன்ஃபாலோ பண்றதையும், ஆர்வமில்லைங்கிற பட்டனை அழுத்தி அழுத்தி ஃபீடையே மாத்துறதையும் கூட உக்காந்து பண்ணுங்க, அது கொஞ்ச நாள்ல நிஜமாவே மாறும். ஆனா அவ சாப்பாட்டைத் தள்ளினாலோ, சாப்பிட்டதும் பாத்ரூம் போய்க் கதவைச் சாத்தினாலோ, உயிரோட இருந்து என்னன்னு பேசினாலோ இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் பத்தாது, நாள் கடத்தாம டாக்டரைப் பாருங்க.

பையனுக்கு ஆட்டோபிளேயை, அதாவது ஒரு வீடியோ முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடுறதை, நிறுத்துங்க, தனியா பாக்க விடாதீங்க, பக்கத்துல இருந்து "இப்ப யார் பேசுறது, இவங்க ஏன் இதை நமக்குக் காட்டுறாங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருங்க. முதல்ல அவனுக்குப் பதில் தெரியாது, பரவால்ல. நெதர்லாந்துல பெத்தவங்களையும் பிள்ளைங்களையும் வச்சு 2005ல பண்ண ஆய்வுல, சும்மா பாக்கக்கூடாதுன்னு தடுத்ததைவிட விளம்பரத்தைப் பத்திப் பேசின வீடுகள்லயும், பிள்ளைங்க வாங்குறது பத்தி அபிப்பிராயம் சொல்ல இடம் கொடுத்த வீடுகள்லயும்தான் அடமும் பொருள் ஆசையும் குறைச்சலா இருந்துச்சு. அதுக்காக நேரத்தைக் குறைக்கிறது வீண்னு இல்ல. 2001ல வந்த ஒரு ஆய்வுல 8, 9 வயசுப் பிள்ளைங்களுக்கு 6 மாசம் டிவியைக் குறைக்கக் கத்துக் கொடுத்தாங்க, பொம்மை கேக்குறது நல்லாவே குறைஞ்சுது. அங்கயும் அதைப் பிள்ளைங்களே செய்யப் பழக்கினாங்க, யாரும் பிடுங்கல.

இதையெல்லாம் பெத்தவங்க தலையில மட்டும் கட்டுறது அநியாயம், அதையும் நான் சொல்லணும். ஒரு பக்கம் உளவியல் படிச்சவங்களும் இன்ஜினியர்களும் சேந்து வேலை செய்றாங்க, இன்னொரு பக்கம் வேலை முடிஞ்சு களைச்சு வர்ற நீங்க. அதனாலதான் சட்டம் வேணும். கனடாவோட கியூபெக் மாநிலத்துல 1980லேர்ந்து 13 வயசுக்குக் கீழ உள்ளவங்களைக் குறிவச்ச விளம்பரமே கூடாது, ஸ்வீடன் 1991ல 12 வயசுக்குக் கீழ உள்ளவங்களைக் குறிவச்ச டிவி விளம்பரத்தைத் தடை பண்ணிச்சு, சிலி நாட்டுல 2016லேர்ந்து சர்க்கரை உப்பு எல்லாம் அதிகமா இருக்கிற பாக்கெட்ல பிள்ளைங்களைக் கவர்ற கார்ட்டூனே போட முடியாது, ஐரோப்பிய யூனியன்ல சின்ன வயசுக்காரங்களோட தகவலை வச்சு அவங்களுக்குக் குறிவச்சு விளம்பரம் காட்டக்கூடாது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர்லேர்ந்து 16 வயசுக்குக் கீழ சோஷியல் மீடியா கணக்கே கிடையாதுன்னு கொண்டு வந்திருக்கு.

கடைசியா போனைப் பிடுங்குறது பத்தி. பெரும்பாலான ஆப்ல 13 வயசு ஆச்சுன்னா சேரலாம்னு இருக்கே, அது பிள்ளைங்க அந்த வயசுல தயாரா இருக்காங்கன்னு யாரும் ஆராய்ஞ்சு வச்சது இல்ல, 13க்குக் கீழ உள்ளவங்க தகவலைப் பெத்தவங்க அனுமதி இல்லாம எடுக்கக்கூடாதுன்னு அமெரிக்காவுல 1998ல போட்ட சட்டத்துலேர்ந்து வந்த எண்ணு அது. அதனால "13 ஆயிடுச்சே"ன்னு அவ சொன்னா நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. ஆனா ஏற்கெனவே கொடுத்த போனைக் கோபத்துல ஒரு நாள் பிடுங்கினீங்கன்னா அவ அடுத்த தடவை வருத்தமா ஏதாவது பாத்தா உங்ககிட்ட சொல்ல மாட்டா, சொன்னா போன் போயிடும்னு மறைப்பா, அதுதான் பெரிய நஷ்டம். ராத்திரி தூங்குற ரூமுக்குள்ள போன் வேண்டாம்னு ஒரே ஒரு விதி வைங்க, அது உங்க போனுக்கும் சேத்து, மத்ததை அவகிட்ட பேசி ஒண்ணொண்ணா முடிவு பண்ணுங்க.